கிரேடில் வி.எஸ்.ஏ. பி.பி. கருவி: சிவப்பு விளக்கு எரிந்த பிறகு என்ன?

கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் பி.பி. பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகள் மிகச் சில. அவற்றில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று கிரேடில் வி.எஸ்.ஏ. (வைட்டல் சைன்ஸ் அலர்ட்). சுவிட்சர்லாந்தின் மைக்ரோலைஃப் நிறுவனத் தயாரிப்பு இது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மகப்பேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவானது. பக்கத்தில் மருத்துவர் இல்லாத சுகாதார நிலையம், எப்போது போகும் என்று தெரியாத மின்சாரம், குறைந்த பயிற்சியோடு பெரிய பொறுப்பைச் சுமக்கும் பணியாளர் ஆகிய மூன்றையும் கணக்கில் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அளவுக் கருவி என்ற முறையில் இதை நம்பி வாங்கலாம். ஆனால் கருவியை வாங்கி விநியோகித்தாலே தாய் இறப்பு குறைந்துவிடும் என்று திட்டமிடுபவர்கள் இதன் சோதனை முடிவுகளை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆபத்தில் இருப்பவர் யார் என்பதைக் கருவி சொல்லிவிடும். அவர் கருவி வரைக்கும் வந்து சேர்வாரா, விளக்கு எரிந்த பிறகு அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை வருமானம், சாலை, வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, மருந்து அலமாரியில் என்ன இருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் கருவி. மேற்கையில் சுற்றும் கஃப், கையால் அமுக்கும் ரப்பர் பந்து, சிறிய திரை, மைக்ரோ யு.எஸ்.பி. சார்ஜர் துளை. கஃபில் காற்றை நாம்தான் அடிக்க வேண்டும். அளப்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். இந்தக் காலத்தில் கையால் காற்றடிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் முழுத் தானியங்கிக் கருவிகளில் பேட்டரியை அதிகம் தின்பது காற்றடிக்கும் மோட்டார்தான். அதை எடுத்துவிட்டதால் ஒரு சார்ஜ் நெடுநாள் தாங்குகிறது, பழுதாகும் பாகம் ஒன்று குறைகிறது. சார்ஜரும் சாதாரண கைப்பேசிச் சார்ஜரே. தனிவகை பேட்டரி தீர்ந்துபோய் அலமாரியில் தூங்கும் கருவிகளை நினைத்தால் இந்த முடிவு எவ்வளவு சரி என்பது புரியும்.

திரையில் மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், நாடித்துடிப்பு மூன்றும் வரும். கூடவே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளில் ஒன்று எரியும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ ஓர் அம்புக்குறி உண்டு. மேல் அழுத்தம் 140 அல்லது கீழ் அழுத்தம் 90-ஐத் தொட்டால் மஞ்சள், மேல் அம்பு. 160 அல்லது 110-ஐத் தொட்டால் சிவப்பு, மேல் அம்பு. இரண்டில் ஒன்று எல்லையைத் தாண்டினாலே போதும். 138/112 கூடச் சிவப்புதான்.

கீழ் அம்புதான் இந்தக் கருவியின் உண்மையான பலம். இது ஷாக் இண்டெக்ஸை வைத்து இயங்குகிறது. நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் அது. 0.9-க்குக் கீழே இருந்தால் பச்சை. 0.9 முதல் 1.7-க்குள் மஞ்சள். 1.7-உம் அதற்கு மேலும் சிவப்பு. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு தொடங்கிய ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். நாடி 112, மேல் அழுத்தம் 104. பி.பி. எண்ணை மட்டும் பார்ப்பவர் பரவாயில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். வகுத்தால் 1.08, கருவி மஞ்சள் காட்டும். இளம் வயது உடம்பு ரத்தத்தை இழக்கும்போது குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும். அழுத்தம் சரியும் நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கலாம். நாடி அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கும். நாடி 136, அழுத்தம் 78 என்றால் 1.74, சிவப்பு. வெளியேறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். துணியில் ஊறியது, தரையில் வழிந்தது, பனிக்குட நீரோடு கலந்தது எதுவும் கணக்கில் வராது. அந்த இடத்தில் இந்தக் கணக்கு பெரிய துணை.

இதை ஏன் சாதாரண வீட்டு பி.பி. கருவியால் ஈடுகட்ட முடியாது? கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் பிரீ-எக்லாம்ப்சியாவில் ரத்தக் குழாய்ச் சுவரின் தன்மை மாறுகிறது, திசுக்களில் நீர் கோக்கிறது. மற்றவர்களிடம் சரியாக அளக்கும் தானியங்கிக் கருவிகள் பல இவர்களிடம் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். 165 என்பதை 150 என்று காட்டினால் ஊசி போட வேண்டியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கிரேடில் இயல்பான கர்ப்பத்திலும், பிரீ-எக்லாம்ப்சியாவிலும், கர்ப்பிணிகளின் தாழ் அழுத்தத்திலும் தனித்தனியே சரிபார்க்கப்பட்டது. வேறு கருவி வாங்குவதானாலும் கர்ப்பத்திலும் பிரீ-எக்லாம்ப்சியாவிலும் சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முள் வைத்த பழைய அனராய்டு கருவியைத் தேர்ந்த கை பயன்படுத்தினால் குறையே இல்லை. ஆனால் அது கீழே விழுந்தால் முள் பிசகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும், ஸ்டெதாஸ்கோப்பும் அமைதியான அறையும் வேண்டும். கூட்டம் நெரியும் இடத்தில் எல்லோருக்கும் 120/80, 110/70 என்று பதிவேட்டில் வரிசையாக விழுவதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பட்டியலாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, படித்துவிடுங்கள். கஃபின் அளவு முதலில். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். நடுத்தரக் கஃப் சுமார் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும் சரி, அதற்கு மேல் பெரிய கஃப் வேண்டும். பருத்த கையில் சிறிய கஃபைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்; மெலிந்த கையில் பெரியதைச் சுற்றினால் குறைவாகக் காட்டும். இரண்டாவது தவறு அதிக ஆபத்தானது. ஊட்டமில்லாமல் மெலிந்த பெண்ணின் ஆபத்துதான் அங்கே மறைந்துபோகிறது. ஆடையின் மேல் கஃபைச் சுற்றாதீர்கள். ஆடையின் இறுக்கமான கைப்பகுதியைச் சுருட்டி மேலே ஏற்றி விடவும் வேண்டாம். அது கயிறு கட்டியது போல ரத்த ஓட்டத்தை அழுத்தும். கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும்.

முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். கை இதய மட்டத்தில் எதன் மேலாவது தாங்கலாக இருக்க வேண்டும். மாதம் ஏறிய கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை நசுக்கி அழுத்தம் தாழ்ந்து தெரியும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தவருக்கு மேலே இருக்கும் வலது கையில் கஃபைச் சுற்றினால் இன்னொரு பிழை: கை இதயத்துக்கு மேலே ஒவ்வொரு 10 செ.மீ. உயரும்போதும் அழுத்தம் ஏறக்குறைய 7 அல்லது 8 மி.மீ. (பாதரச அளவு) குறையும். உயரம் 15 செ.மீ. என்றால் 162/112 என்பது 151/101 ஆகிவிடும். சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள். பிரசவ அறையில் இது அடிக்கடி நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

காற்றடிப்பதிலும் கவனம் வேண்டும். கையால் அடிப்பதால் 150 வரைக்கும் அடித்து நிறுத்திவிடும் பழக்கம் வந்துவிடும். அழுத்தம் 180 இருக்கும் பெண்ணிடம் அது பிழைக் குறி காட்டும், அல்லது தப்பாக அளக்கும். எதிர்பார்க்கும் மேல் அழுத்தத்துக்கு 30 முதல் 40 வரை கூடுதலாக ஏற்றுங்கள். பிரசவ வலி வரும் நொடியில் அளக்காமல் இரண்டு வலிகளுக்கு நடுவே அளக்க வேண்டும். பிரசவித்தவுடன் குளிர் நடுக்கம் இருந்தால் கருவி தடுமாறும். கையைப் பிடித்து அசையாமல் வைத்து மறுபடி பாருங்கள். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, கை சில்லிட்டிருக்கிறது, கருவி எண்ணே காட்டவில்லை என்றால் மூன்றாவது முறை முயலாதீர்கள். அழுத்தம் அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கலாம். சிவப்பாகவே எடுத்துக்கொண்டு உடனே வேலையில் இறங்குங்கள்.

மேல் அம்புச் சிவப்பு வந்தால் 15 நிமிடத்துக்குள் மறுபடி அளந்து உறுதிசெய்ய வேண்டும். உதவிக்கு ஆள் அழைப்பதை அந்த இரண்டாவது அளவு வரை தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள் வந்தால் நான்கு மணி நேர இடைவெளியில் மறுபடி அளப்பது முறை. இங்கேதான் சமூக நிலைமை முதல்முறையாக அளவுக்குள்ளேயே நுழைகிறது. நெடுந்தூரம் நடந்து வந்து, உட்கார இடமில்லாமல் வரிசையில் நின்று, நேராக மேசைக்கு வரும் பெண்ணுக்கு ஐந்து நிமிட ஓய்வு எங்கே? மஞ்சள் எரிந்த பிறகு நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் கடைசி வண்டி போய்விடும், வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, அன்றைய கூலியும் போய்விட்டது. அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். அடுத்த வாரத்துக்குள் மஞ்சள் சிவப்பாக மாறலாம். இப்படிப்பட்டவருக்குக் காத்திருக்க ஓர் இடமும் திரும்பிப் போக ஒரு வண்டியும் ஏற்பாடு செய்வது கருவியின் பயன்பாட்டு முறைக்குள்ளேயே வர வேண்டும். கையேட்டில் அது இல்லை.

பச்சை விளக்கைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பச்சை என்றால் அழுத்தமும் நாடியும் அந்த நொடியில் எல்லைக்குள் இருக்கின்றன என்பது மட்டுமே பொருள். கடும் தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழி அல்லது வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவை இருந்தால் பச்சை எரிந்தாலும் அனுப்பிவிடாதீர்கள். மூன்றாம் மாதத்தில் 90/60 இருந்தவருக்கு எட்டாம் மாதத்தில் 132/86 வந்தால் கருவி பச்சைதான் காட்டும். அனுபவமுள்ள செவிலியர் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்து நிமிர்ந்து உட்காருவார். ஆனால் அதற்கு முந்தைய பக்கம் ஒன்று இருக்க வேண்டும். முதல் பரிசோதனைக்கே ஏழாம் மாதத்தில் வருபவருக்கு ஒப்பிட எதுவும் கிடையாது.

ரத்தசோகை இன்னொரு சிக்கல். உலகக் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகை உள்ளவரின் நாடி ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால் உதிரப்போக்கே இல்லாமல் மஞ்சள் எரியலாம். சில நாட்களில் பணியாளருக்கு மஞ்சள் பழகிப்போகும், கண்டுகொள்ளாமல் விடுவார். அதே பெண்ணுக்குத்தான் குறைந்த அளவு ரத்த இழப்பே உயிருக்கு ஆபத்தாகும். மற்றவர் தாங்கும் 500 மி.லி. இவரைச் சரித்துவிடலாம். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருப்பவருக்கு மஞ்சளையே சிவப்பாக நடத்துங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டுவது எங்கள் பரிந்துரை. கருவியில் இந்த அமைப்பு இல்லை. நோய்த்தொற்றுக்கும் இதே எச்சரிக்கை: காய்ச்சல் நாடியை ஏற்றும், கருவிக்குக் காய்ச்சல் தெரியாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தே ஆக வேண்டும்.

இனி சோதனை. 2016 ஏப்ரலிலிருந்து 2017 நவம்பர் வரை எத்தியோப்பியா, ஹைட்டி, இந்தியா, மலாவி, சியரா லியோன், உகாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய எட்டு நாடுகளில் பத்து இடங்களில் இதைப் படிப்படியாக அறிமுகப்படுத்தி ஆராய்ந்தார்கள். 5 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் கணக்கில் வந்தன. தாய் இறப்பு, பிரீ-எக்லாம்ப்சியா முற்றி வரும் எக்லாம்ப்சியா வலிப்பு, அவசரமாகக் கருப்பையை அகற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை கருவி வருவதற்கு முன் 10,000 பிரசவத்துக்கு 79.4, வந்த பிறகு 72.8. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் இடத்துக்கு இடம் இருந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துக் கணக்கிட்டபோது, கருவி நன்மை செய்ததா இல்லையா என்று சொல்ல முடியாத முடிவே வந்தது. முடிவுகள் 2019-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியாகின. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள், பாராட்ட வேண்டும்.

இதைக் கருவியின் தோல்வி என்று படிப்பது தவறு. பத்து இடங்களிலும் ஒரே கருவி, ஒரே பயிற்சி. மருத்துவமனைகள் ஒன்றுபோல் இல்லை, சாலைகள் ஒன்றுபோல் இல்லை, மருந்து கிடைப்பது ஒன்றுபோல் இல்லை. விளக்கு ஒரே மாதிரி எரிந்தாலும் அதற்குப் பின் நடப்பது ஒரே மாதிரி இருந்திருக்காது. இதற்குப் பக்கத்தில், பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கைப் பற்றி 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வை வைத்துப் பாருங்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். அளவுக் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்தார்கள். அதோடு நிற்காமல் கருப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்கவைக்கும் மருந்து, ரத்தம் நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காயம் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் உதிரப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் வழக்கமான கவனிப்பு தந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம், இப்படிச் செய்த மருத்துவமனைகளில் 1.6 சதவீதம். அங்கே கண்டுபிடிப்பவரும் சிகிச்சை தருபவரும் ஒரே அறையில் இருந்தார்கள், மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிரேடில் வேலை செய்யும் இடங்கள் பலவற்றில் விளக்குக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு சாலை இருக்கிறது.

அந்தச் சாலையைப் பற்றித் துறையில் உள்ளவர்கள் 1994-இலிருந்து மூன்று தாமதங்கள் என்ற கணக்கில் பேசுகிறார்கள்: உதவி தேட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில் தாமதம். கிரேடில் முதல் தாமதத்தை ஓரளவு குறைக்கும். தலைவலிதானே என்று சொல்லும் கணவரிடமும் மாமியாரிடமும் எண்ணைச் சொல்வதைவிட எரியும் சிவப்பைக் காட்டுவது எளிது. வேலையில் இளையவரான பணியாளர், மேலே இருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சிவப்பு என்று சொன்னால் பேச்சு நீளாது. எங்கள் பார்வையில் இந்த விளக்கின் மிகப் பெரிய நன்மை இதுதான்: சொல்லுக்கு மதிப்பில்லாதவரின் சொல்லுக்கு அது எடை சேர்க்கிறது.

ஆனால் முடிவெடுப்பது யார்? பணம் கணவர் கையில், அவர் வெளியூரில், தொலைபேசி எடுக்கவில்லை. வண்டிக்கு முன்பணம் கேட்கிறார்கள். துணைக்கு யார் வருவது, வீட்டில் இருக்கும் குழந்தையை யாரிடம் விடுவது? போன பிரசவத்தில் திட்டு வாங்கிய மருத்துவமனைக்கு மறுபடி போக வேண்டுமா? இவை ஒவ்வொன்றும் அரை மணி, ஒரு மணி நேரத்தைத் தின்கின்றன. 2023-இல் உலகில் ஏறக்குறைய 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அதன் பிறகான நாட்களிலும் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் குறைந்த வருமான நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும். இந்த நோய்கள் எங்கும் வருகின்றன, சாவு மட்டும் இப்படி ஒரு பக்கமாகக் குவிகிறது.

மூன்றாவது தாமதத்துக்கு மருந்து வேண்டும். சிவப்பு மேல் அம்பு, கூடவே பிரீ-எக்லாம்ப்சியாவின் அறிகுறி அல்லது வலிப்பு என்றால் மெக்னீசியம் சல்பேட். 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று காட்டியது. தொடக்க அளவு 14 கிராம்: 4 கிராம் நரம்பில் மெதுவாக, மீதி 10 கிராம் இரண்டு பிட்டத்திலும் பக்கத்துக்கு ஐந்தாகத் தசையில். நரம்பில் போட வசதியில்லாத இடத்தில் தசையில் போடும் 10 கிராமையாவது போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். அடுத்தடுத்த அளவுகளுக்கு முன் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல், முழங்கால் அனிச்சை இருந்து, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் போக வேண்டும். பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் எடுத்து வைத்திருக்க வேண்டும், அதுதான் மாற்று மருந்து. அழுத்தத்தைக் குறைக்க நிஃபெடிபின், லேபெட்டலால், ஹைட்ரலசின் மூன்றில் ஒன்று இருப்பில் இருக்க வேண்டும். கருவி வாங்கும் ஆணையோடு இந்த மருந்துகளின் இருப்பையும் சேர்த்துக் கேட்காத கொள்முதல் அதிகாரி பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

விளக்கு எரிவதற்கு முன்பே இழந்துவிடும் வாய்ப்புகளும் உண்டு. முந்தைய கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர், சிறுநீரக நோய் அல்லது சர்க்கரை நோய் உள்ளவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் ஆகியோருக்கு 75 மி.கி. ஆஸ்பிரின் 20 வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். உணவில் கால்சியம் குறைவாகக் கிடைக்கும் மக்களுக்குத் தினமும் 1.5 முதல் 2 கிராம் கால்சியம் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கால்சியம் குறைந்த சாப்பாடு பெரும்பாலும் வறுமையின் சாப்பாடு. முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள், மொத்தம் எட்டு முறை என்பது 2016-இல் வந்த வழிகாட்டுதல். எட்டு முறை என்றால் தினக்கூலிப் பெண்ணுக்கு எட்டு நாள் கூலி. பேறுகால விடுப்பு இல்லாத வேலையில் இருப்பவர் இரண்டு முறை வருவார், அதுவும் கடைசி மாதங்களில். அவர் வரும்போது ஆஸ்பிரின் தொடங்கும் காலம் கடந்திருக்கும். கருவி மஞ்சளைக் காட்டும்; குழந்தை வளர்ச்சி குன்றியிருக்கும், தாயைக் காப்பாற்ற முப்பத்து மூன்றாம் வாரத்திலேயே பிரசவம் பார்க்க வேண்டி வரும். எடை குறைந்து பிறந்த அந்தக் குழந்தைக்கு இன்குபேட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

கருவியும் மருந்தும் குறைவில்லாத நாட்டிலும் இது தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரையிலான கணக்கில், கல்லூரிப் படிப்பு முடித்த கறுப்பினப் பெண்களின் கர்ப்பகால இறப்பு விகிதம், பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. படிப்பும் வருமானமும் மட்டும் காரணம் என்றால் இந்த எண்ணுக்கு விளக்கமே கிடையாது. வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொல்லும்போது அதைக் கேட்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதும் காரணங்களில் ஒன்று. விளக்கு எல்லோருக்கும் ஒரே எல்லையில் எரியும் என்பது அந்த அளவில் ஒரு நியாயம். ஆனால் கஃபை யாருக்கு எப்போது சுற்றுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். அதனால் கேட்டால் பார்ப்பது என்று விடாமல், வந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் பார்ப்பது விதியாக இருக்க வேண்டும்.

எத்தனை வாங்குவது, எங்கே வைப்பது? எல்லாவற்றையும் பிரசவ அறைக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தை மாற்றுங்கள். பிரசவத்துக்குப் பின் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அப்போது தாய் வீட்டில் இருப்பார். ஒரு கருவி பிரசவ அறைக்கு, ஒன்று கர்ப்பகாலப் பரிசோதனைக்கு, வீடு தேடிப் போகும் ஒவ்வொரு பணியாளரின் கைப்பைக்கும் ஒன்று என்பது நியாயமான கணக்கு. பைக்குள் போகும் கருவியோடு சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைகளும் போக வேண்டும். டப்பாவைத் திறந்த தேதியை மேலே எழுதி, ஈரம் படாமல் மூடி வையுங்கள். பெரிய கஃபை ஆணையில் தனி வரியாக எழுதிக் கேளுங்கள். உதிரிக் கஃபும் கேளுங்கள், முதலில் கிழிவது அதன் ஒட்டுப்பட்டைதான். ரத்தம் பட்டால் துடைத்துக் கிருமி நீக்கும் முறையைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள், தண்ணீரில் முக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை நம்பகமான கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்ந்து 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஓரம் கட்டிவிடுங்கள். பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இது தேவையில்லை. அங்கே இடைவிடாமல் கண்காணிக்கும் மானிட்டர் வேண்டும்.

கருவியின் பின்பக்கம் இரண்டு தொலைபேசி எண்களை ஒட்டி வையுங்கள்: வண்டி ஓட்டுநர் எண், பணியில் இருக்கும் மருத்துவர் எண். பதிவேட்டில் சிவப்பு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு நேரங்களைக் குறியுங்கள். விளக்கு எரிந்த நேரம், முதல் மருந்து போட்ட நேரம், வண்டி கிளம்பிய நேரம், பெரிய மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கிய நேரம். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் நடுவே நேரம் நீண்டிருந்தால் மருந்து இருப்பையும் பயிற்சியையும் பாருங்கள். மருந்துக்கும் வண்டிக்கும் நடுவே நீண்டிருந்தால், அடுத்த ஒதுக்கீட்டில் இன்னும் பத்துக் கருவி கேட்பதற்கு முன் வண்டியையும் இரவு ஓட்டுநரையும் கேளுங்கள்.